எல்லோரும் குறை சொல்லும் கல்லூரி: திரும்பிப் போவதா, சித்தூரிலேயே சேர்ந்துகொள்வதா?

பாளைக்காரர்_மகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் வேலந்தாவளம் பக்கம், பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குக் கோடி. பத்தாவது வரை தமிழ் மீடியம். இப்போது வேறு மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் முதல் வருடம் முடித்துவிட்டு லீவுக்கு வந்திருக்கிறேன். லிபரல் ஆர்ட்ஸ் என்கிறார்களே, அந்த வகை. நாலு வருடப் படிப்பு, எல்லோருக்கும் ஹாஸ்டல், மொத்தக் கல்லூரிக்கும் ஐந்நூறு பேர்கூட இல்லை. வரலாறு, பொருளாதாரம், உயிரியல், நாடகம் என்று கலந்து படிக்கலாம். எது மேஜர், அதாவது முதன்மைப் பாடம், என்பதை இரண்டாம் வருடத்தில் சொன்னால் போதும். எனக்கு ஃபீஸ் முழுக்க ஸ்காலர்ஷிப். அப்பா தென்னை ஏறிக் கள் இறக்குகிறவர், ஸ்காலர்ஷிப் இல்லாவிட்டால் அந்தக் கேட்டைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

அங்கே யாருமே சந்தோஷமாக இல்லை. இது நான் எதிர்பார்க்காதது. ராத்திரி மெஸ்ஸில் உட்கார்ந்தால் பேச்செல்லாம் குறைதான். கையேட்டில் போட்ட பேப்பர் பாதி நடப்பதில்லை, நல்ல ஆசிரியர்கள் வருடத்துக்கு ஒருவராகப் போய்விடுகிறார்கள், பேப்பர் தேர்ந்தெடுக்கும் நாளில் சீட் எல்லாம் சில நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது, இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு என்ன தருகிறார்கள் என்று. மாதம் ஒரு தடவை இயக்குநருடன் கூட்டம் உண்டு. அதில் என் வயதுப் பிள்ளைகள் எழுந்து நின்று, கையில் காகிதம் கூட இல்லாமல், அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் நான் அந்தக் கூட்டத்தில் வாயே திறந்ததில்லை. எனக்கும் குறை இருக்கிறது, அது அவர்கள் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு, செமஸ்டர் நடுவில் ஒரு வாரம் லீவு விடுவார்கள். அந்த வாரம் மெஸ்ஸை மூடிவிடுவார்கள். எல்லோரும் ஃப்ளைட் பிடித்து வீட்டுக்கோ, சேர்ந்து ஊர் சுற்றவோ போய்விடுவார்கள். எனக்கு ரயிலில் வந்து போகவே அந்த வாரம் காணாது, காசும் இல்லை. ஹாஸ்டலிலேயே கெட்டிலில் நூடுல்ஸ், ரொட்டி, வாழைப்பழம். பக்கத்தில் இருக்கிற ஒரே கடையில் ஒரு சாப்பாடு இருநூறு ரூபாய்க்குக் குறையாது. இன்னொன்று, ஃபீல்டு ட்ரிப். "விருப்பம் இருந்தால் வரலாம்" என்பார்கள், ஆனால் அதை வைத்துத்தான் கட்டுரை எழுதச் சொல்வார்கள்.

வகுப்பில் பேசுவதற்கும் மார்க் உண்டு. ஒரு நாள் மதுவிலக்கு பற்றி விவாதம். ஒருவர் மதுவிலக்குக்கு அரசு முயல வேண்டும் என்கிற அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவைச் சொல்கிறார், இன்னொருவர் தனிமனித உரிமை என்கிறார், ஒரு மணி நேரம் ஓடியது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் தமிழ்நாடு. இந்தப் பக்கம் அப்பா லைசென்ஸ் உள்ள தோப்பில் மரம் ஏறுகிறார், காலையில் வேன் வந்து கள்ளை அளந்து வெளி மாவட்டங்களுக்கு எடுத்துப்போகிறது. அந்தப் பக்கம் என் மாமாவும் அதே தொழில் தெரிந்தவர். 1987இல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்த பிறகு கூலி வேலைக்குப் போனவர். அதே ஜாதித் தென்னை, கள் வடியும் அதே பாளை, அதைப் பிடிக்கும் அதே முட்டிப் பானை. இதைச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வாக்கியத்தைக் கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. சொல்லியிருந்தாலும், கள் இறக்குகிறவர் மகள் என்று தெரிந்த பிறகு எப்படிப் பார்ப்பார்களோ என்ற பயமும் இருந்தது.

பாலக்காடு என்றதும் மலையாளிப் பிள்ளைகள் ஓடி வந்து பேசினார்கள். வீட்டில் தமிழ் என்று தெரிந்ததும் அவர்கள் ஓணத்துக்குப் பாட்டுப் பாடும் கூட்டத்தில் எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. சென்னைப் பிள்ளைகளுக்கு நான் கேரளாக்காரி. சண்டை ஒன்றும் இல்லை. எல்லோரும் நன்றாகத்தான் பேசுகிறார்கள்.

அம்மா "வந்துரு சாமி, சித்தூர்ல படிச்சா ஆகாதா" என்கிறாள். எங்கள் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்தான், பஸ்ஸில் அரை மணி நேரம். என் கூடப் படித்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அப்பா எதுவும் சொல்லவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு: இந்த ஒட்டாமை நாளானால் போய்விடுமா? வந்துவிட்டால் படித்த ஒரு வருடம் வீணா?

---

கோவிந்தாபுரத்தான்:

அம்மிணி, நான் நேராகச் சொல்கிறேன். வந்துவிடு. நானும் வெளியூரில் ஒரு பெரிய பேர் உள்ள இடத்தில் சேர்ந்து, விட்டுவிட்டு வந்து பொள்ளாச்சியில் பி.காம். முடித்தவன். இன்று கோயம்புத்தூரில் வேலை, ராத்திரி வீட்டில் சாப்பாடு. ஒருத்தரும் என்னைத் தோற்றவன் என்று சொன்னதில்லை.

இன்னொன்றும் கவனி. எல்லோரும் குறை சொல்கிறார்கள் என்கிறாய். அவர்கள் சொல்வது உண்மையாக இருந்தால்? ஆசிரியர்கள் நிற்காத இடத்தில் நீ எடுக்கப்போகும் மேஜரை யார் சொல்லித் தருவார்கள்? நீ ஒட்டவில்லையா, கல்லூரியே ஆட்டம் காண்கிறதா என்பதைப் பிரித்துப் பார். உன் மேல் குறை இருப்பதாக நீ நினைத்துக்கொள்கிற பாதி, அந்த இடத்தின் குறையாக இருக்கலாம்.

---

லயத்துக்காரி:

தங்கச்சி, உன் பதிவை ராத்திரி படித்தேன், தூக்கம் வரவில்லை. நான் மூணாறு பக்கம், தேவிகுளம் தாலுகா. தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள், அம்மா கொழுந்து பறித்தவர். நீ சொல்கிற மாதிரியே ஒரு சின்னக் கல்லூரியில் படித்தேன், அதுவும் ஸ்காலர்ஷிப்பில். லீவில் மெஸ் மூடுவது வரைக்கும் எல்லாம் அதேதான்.

முதலில் அந்தக் குறைகளைப் பற்றிச் சொல்கிறேன். விருந்துக்கு வந்தவர் குழம்பில் உப்பு இல்லை என்று சொல்ல மாட்டார், வீட்டுப் பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டுச் சொல்லும். உன் கூடப் படிப்பவர்கள் அந்த இடத்தைத் தங்கள் வீடாக நினைப்பதால்தான் அவ்வளவு கோபம். நீ இன்னும் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறாய். ஸ்காலர்ஷிப்பில் வந்தவள் குறை சொன்னால் நன்றி கெட்டவள் என்று நினைப்பார்களோ என்று உனக்குள் ஒரு குரல் சொல்கிறது, சரிதானே? எனக்குச் சொன்னது. அந்த ஸ்காலர்ஷிப் பிச்சை இல்லை தங்கச்சி. உன்னைப் போன்ற ஒருத்தி வகுப்பில் இருக்க வேண்டும் என்று அவர்களே தேர்ந்தெடுத்துக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களுக்கு லீவு வாரத்தில் சோறு போடும் பொறுப்பும் உண்டு.

2015 செப்டம்பரில் நான் இரண்டாம் வருடம். மூணாறில் தேயிலைத் தொழிலாளர் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். போனஸை 10 சதவீதமாகக் குறைத்ததற்கு எதிர்ப்பு. 20 சதவீதம் கொடு என்று கேட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்திலேயே விடவில்லை. பெம்பிளை ஒருமை, பெண்கள் ஒற்றுமை, என்று செய்தித்தாளெல்லாம் எழுதினார்களே, அதுதான். காமன் ரூமில் டிவியில் அதைக் காட்டுகிறார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் ஆர்வமாகப் பார்க்கிறார்கள், தொழிலாளர் வரலாறு என்று எங்களுக்கு ஒரு பேப்பர் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் எங்கள் அம்மாவும் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். தலையில் துண்டு, கையில் குடை, பக்கத்தில் எங்கள் லயத்து அத்தைமார். கேமரா அந்தப் பக்கம் திரும்பிய ஒரு நொடியில் "அது எங்க எஸ்டேட்" என்று வாயில் வந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் ராத்திரி வெகுநேரம் வரை கேள்வி மேல் கேள்வி. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பறிக்க வேண்டும், கூலி எவ்வளவு, ரிட்டையர் ஆனால் வீட்டைக் காலி செய்ய வேண்டுமா என்று. நான் பதில் சொல்லச் சொல்ல, அந்தப் பேப்பர் எடுத்த ஆசிரியர் அடுத்த வகுப்பில் என்னையே அரை மணி நேரம் பேசச் சொன்னார். என்னை யாரும் கீழாகப் பார்க்கவில்லை. ஒன்றிரண்டு பேர் அளவுக்கு மீறிப் பரிதாபப்பட்டார்கள், அது எரிச்சலாக இருந்தது, உண்மை. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்தப் பெண்கள் கேட்ட 20 சதவீதம் கிடைத்தது. நான் அடுத்த செமஸ்டரில் மெஸ் விஷயத்தை எடுத்தேன். தனியாக இல்லை. லீவில் ஹாஸ்டலில் யார் யார் விளக்கு எரிகிறது என்று பார்த்தேன். லடாக்கிலிருந்து ஒரு பையன், அசாம் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண், இன்னும் சிலர். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறோம். சேர்ந்து ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். மெஸ்ஸை முழுதாகத் திறக்கவில்லை. காலையும் ராத்திரியும் சாப்பாடு வந்தது. ஆனால் அந்தக் கடிதம் எழுதிய கூட்டம்தான் கடைசி வரை எனக்குக் கல்லூரி. அசாம்காரி பிரசவத்துக்குக்கூட நான் போய்விட்டு வந்தேன்.

எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் பார்ட்டிகளில் கடைசி வரை எனக்கு ஒட்டவில்லை. ஆசிரியரைப் பேர் சொல்லிக் கூப்பிட நாக்கு வரவே இல்லை, "சார்" என்றே முடித்தேன், அவர்களும் பழகிக்கொண்டார்கள். அது பரவாயில்லை.

நீ செய்ய வேண்டியது ஒன்று. அந்த மதுவிலக்கு வகுப்பு ஆசிரியருக்கு, இங்கே எழுதினாயே, அப்பா இந்தப் பக்கம் மாமா அந்தப் பக்கம் என்று, அதை அப்படியே எழுதி அனுப்பு. இங்கிலீஷ் இலக்கணம் பிசகினாலும் போகட்டும். அந்த வகுப்பில் அன்று பேசிய யாருக்கும் அது தெரியாது. எனக்கே தெரியாது, எங்கள் மலையில் தென்னை இல்லை.

கோவிந்தாபுரத்தண்ணன் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. உன் மேஜரில் எத்தனை நிரந்தர ஆசிரியர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள். இரண்டு பேருக்குக் குறைவாக இருந்தால் நானே திரும்பி வா என்பேன்.

---

சித்தூர்_வாத்தியார்:

அம்மிணிக்கு வணக்கம். நான் இந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் எடுக்கிறேன். இரண்டாவது கேள்விக்கு மட்டும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் பலர் தவறான தகவல் கொடுப்பார்கள்.

2024இலிருந்து கேரளத்துப் பல்கலைக்கழகங்களிலும் நாலு வருட இளங்கலை வந்துவிட்டது. மூன்று வருடத்தில் பட்டம் வாங்கி வெளியே வரலாம், நாலாவதும் படித்தால் ஹானர்ஸ். மேஜர், மைனர், பிற துறைப் பேப்பர்கள் என்று இங்கும் கலந்து எடுக்கிறார்கள். அதனால் நீ படித்த ஒரு வருடம் இங்குள்ள அமைப்புக்கு முற்றிலும் அன்னியம் இல்லை. ஆனால் தானாக ஒட்டிக்கொள்ளாது. முதலில், படித்து முடித்த பேப்பர்களுக்கான கிரெடிட் புள்ளிகளைச் சேர்த்து வைக்கும் ஆன்லைன் கணக்கான அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸில் உனக்குக் கணக்கு இருக்கிறதா, உன் கல்லூரி உன் கிரெடிட்டுகளை அதில் ஏற்றியிருக்கிறதா என்று பார். ஏற்றாவிட்டால் ஏற்றச் சொல்லிக் கேள், அங்கேயே தொடர்ந்தாலும் அது வேண்டும். பிறகு, நம் மாவட்டக் கல்லூரிகள் காலிகட் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. உன் பேப்பர்கள் இங்குள்ள பாடத்துக்கு ஈடு என்று அவர்கள் ஏற்க வேண்டும், அந்தத் துறையில் இரண்டாம் வருடத்தில் இடமும் காலியாக இருக்க வேண்டும். இரண்டும் அமைந்தால் வருடம் வீணாகாது. அமையாவிட்டால் முதல் வருடத்திலிருந்துதான். இதை உறுதி செய்யாமல் அங்கே டிசி வாங்கிவிடாதே. என்னிடம் வந்து அழுதவர்கள் எல்லோரும் முதலில் டிசி வாங்கியவர்கள்தான்.

விலகுவது என்று முடிவானால், ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை எந்தக் கல்லூரியும் பிடித்து வைக்கக் கூடாது, யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. அங்கேயே இருந்து குறையைச் சொல்வதென்றால் அதற்கும் வழி இருக்கிறது. 2023இல் வந்த யுஜிசி ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். எழுத்தில் கொடுத்தால் 15 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் 15 நாட்களுக்குள் ஆம்புட்ஸ்பர்சன் என்ற குறைதீர்ப்பு அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். மெஸ், ஃபீல்டு ட்ரிப் இரண்டையும் வாய்மொழியாகச் சொல்லாதே, தேதி போட்டு எழுதிக் கொடு, ஒரு நகல் வைத்துக்கொள்.

அப்பா கள்ளுத் தொழிலாளர் நலநிதி வாரியத்தில் உறுப்பினராக இருப்பார் என்று நினைக்கிறேன். அங்கே பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. ஸ்காலர்ஷிப் இருக்கிறதே என்று நீங்கள் கேட்காமல் விட்டிருக்கலாம். போய் விசாரியுங்கள், ரயில் செலவுக்காவது ஆகும்.

முதல் கேள்விக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் வின்சென்ட் டின்டோ என்ற ஆய்வாளர் மாணவர்கள் ஏன் கல்லூரியை விட்டுப் போகிறார்கள் என்பதை 1970களிலிருந்து ஆராய்ந்தவர். மார்க் மட்டும் காரணம் இல்லை, படிப்பிலும் ஆட்களோடும் ஒட்டுதல் வந்ததா என்பதுதான் பெரிய விஷயம் என்றார். 2011இல் வால்டன், கோஹன் என்ற இருவர் சயின்ஸ் இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முதல் வருட மாணவர்களிடம், "இங்கே நமக்கு இடமில்லையோ என்ற எண்ணம் ஆரம்பத்தில் எல்லோருக்கும் வருகிறது, நாளடைவில் குறைகிறது" என்று மேல் வகுப்பினர் சொன்னதைப் படிக்கக் கொடுத்து, தங்கள் அனுபவத்தையும் அதோடு சேர்த்து எழுத வைத்தார்கள். அதற்குப் பிந்தைய மூன்று வருடங்களில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. வெள்ளையரோடு இருந்த இடைவெளி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. லயத்துக்காரி அம்மா உனக்கு எழுதியதும் அந்த வகைக் கடிதம்தான். ஆகவே ஒரு வருடத்தை வைத்து மட்டும் முடிவெடுக்காதே என்பது என் கருத்து.

---

பாளைக்காரர்_மகள்:

மூவருக்கும் நன்றி. இன்று காலை அப்பா மரத்திலிருந்து இறங்கி வந்ததும் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். மூணாறு அக்கா எழுதியதை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். வாரிய அட்டை இருக்கிறதாம், மஞ்சள் பையில் ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார். படிப்புக்கு உதவி கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. திங்கட்கிழமை நாங்கள் இரண்டு பேரும் போகிறோம்.

வரலாறு மேஜரில் மூன்று நிரந்தர ஆசிரியர்கள், அதில் ஒருவர் அடுத்த வருடம் போகப்போவதாகப் பேச்சு. அதை மெயிலில் கேட்டிருக்கிறேன். கிரெடிட் கணக்கு இருக்கிறது, ஆனால் அதில் ஒன்றும் ஏறவில்லை. அதையும் கேட்டிருக்கிறேன். கோவிந்தாபுரத்தண்ணா, நீங்கள் சொன்ன மாதிரி பிரித்துப் பார்க்கத்தான் இந்த இரண்டு மெயிலும்.

அக்கா, மதுவிலக்கு வகுப்பு ஆசிரியருக்கு எழுத ஆரம்பித்திருக்கிறேன். மாமாவிடம் ஃபோனில் பேசினேன், அவர் பேரை எழுத வேண்டாம் என்றார், மற்றபடி சரி என்றார். ஒன்று கேட்க வேண்டும். மெஸ் கடிதத்தில் எத்தனை பேர் கையெழுத்து இருந்தால் கேட்பார்கள்? லீவில் தங்குகிறவர்களில் எனக்கு முகம் தெரிந்தது இரண்டு பேர்தான்.

---

லயத்துக்காரி:

இரண்டு பேர் போதும், ஆரம்பிக்க. வாட்ச்மேன் அண்ணனைக் கேள், லீவில் யார் யார் தங்குகிறார்கள் என்று அவரிடம் ரெஜிஸ்டர் இருக்கும். மெஸ்ஸில் சமைக்கிறவர்களிடமும் முன்னாடியே பேசு. அவர்களுக்கும் அந்த வாரம் சம்பளம் இருக்கிறதா, பிடிக்கிறார்களா என்று கேள். எங்கள் இடத்தில் பிடித்தார்கள். அதையும் கடிதத்தில் சேர்த்தோம், அவர்களும் எங்களோடு வந்து நின்றார்கள்.